நூற்று நாற்பது மார்க்கும் ஒரு குண்டூசியும்

1926 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு சட்டம் வந்தது. குப்பை எழுத்திலிருந்தும் ஆபாச எழுத்திலிருந்தும் இளம் பிள்ளைகளைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். ஆபாசம் எது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. குப்பை எது என்பதில் வாத்தியார்களுக்கும் பாதிரியார்களுக்கும் அவ்வளவு குழப்பம் இல்லை. கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த துப்பறியும் கதைப் புத்தகங்கள்தான் அவர்கள் கண்ணில் முதலில் உறுத்தியவை. நிக் கார்ட்டர் என்ற அமெரிக்கத் துப்பறிவாளரின் சாகசங்களைப் பள்ளிப் பையன்கள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். பெரியவர்கள் பிடுங்கிப் போட்டார்கள். இது ஒரு தலைமுறைக்கும் மேலாக நடந்துகொண்டிருந்த சண்டை.

சட்டம் வந்த மூன்றாம் வருடம், 1929 இலையுதிர் காலத்தில், பெர்லினில் கெட்டி அட்டை போட்ட குழந்தைகள் புத்தகம் ஒன்று வெளிவந்தது. தலைப்பிலேயே ‘துப்பறிவாளர்கள்’ என்ற சொல்லைத் தைரியமாக வைத்துக்கொண்டு வந்த அந்தப் புத்தகம் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’. அதில் பிணம் இல்லை, துப்பாக்கி இல்லை, ரகசியச் சுரங்கம் இல்லை. ரயிலில் ஒரு பையனின் பணம் திருடு போகிறது, அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான மென்மையான துப்பறியும் கதை என்று இன்று உலகம் முழுவதும் ஒரு வகையே இருக்கிறது. அதற்கு அடித்தளம் போட்ட புத்தகங்களில் இதற்குத்தான் முதல் இடம் தருவேன்.

காலக் கணக்கில் இது முதலாவது இல்லை. அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராட்மேயரின் கதைத் தொழிற்சாலை 1927-லேயே ஹார்டி சகோதரர்களை இறக்கிவிட்டிருந்தது. அவர் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுப்பார், லெஸ்லி மெக்ஃபார்லேன் என்ற கனடாக்காரர் அதை நாவலாக்குவார், அட்டையில், நிஜத்தில் இல்லாத ஒருவரின் பெயர் அச்சாகும். பெர்லினிலேயே வொல்ஃப் டூரியான் தெருப் பையன்களை வைத்து ‘பெட்டிக்குள்ளிருந்து வந்த காய்’ என்ற கலகலப்பான கதையை எழுதியிருந்தார். ஆனால் ஹார்டி சகோதரர்களின் அப்பாவே பேர்பெற்ற துப்பறிவாளர். பையன்களிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. எமிலின் அம்மா முடி அலங்காரம் செய்து பிழைக்கிறவர். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

எழுதியவர் எரிக் கேஸ்ட்னர். 1899-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். அப்பா எமில் தோல் வேலைக்காரர். சொந்தமாகச் சேணக் கடை வைத்து நடத்த முடியாமல் பெட்டி செய்யும் தொழிற்சாலைக்குக் கூலிக்குப் போனவர். அம்மா இடா முப்பது வயதுக்கு மேல் முடி அலங்காரம் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே தொழில் செய்து, ஒரே மகனைப் படிக்கவைத்தார். அம்மாவுக்கும் மகனுக்கும் இருந்த பிணைப்பு அளவு கடந்தது. பெரிய எழுத்தாளர் ஆன பிறகும் கிட்டத்தட்ட தினமும் கடிதமோ அஞ்சலட்டையோ போடுவார். அழுக்குத் துணியைப் பார்சல் கட்டி அம்மாவுக்கு அனுப்புவார், வெளுத்துத் திரும்பி வரும்.

இவரைக் குழந்தைகள் எழுத்தாளராக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பதினெட்டு வயதில் ராணுவத்துக்குப் பிடித்துப்போனார்கள். அங்கே வாங்கிய கொடூரமான பயிற்சியில் இதயம் கெட்டது, போர் என்ற சொல்லைக் கேட்டாலே கசந்தது. லைப்சிக்கில் முனைவர் பட்டம் வாங்கினார், செய்தித்தாளில் வேலை பார்த்தார். 1927-இல் அவர் எழுதி, நண்பர் எரிக் ஓசர் படம் போட்ட ஒரு காதல் கவிதை கொஞ்சம் எல்லை மீறிப் போய்விட்டது. பேத்தோவன் நூற்றாண்டு சமயத்தில் இப்படியா என்று ஊர் கொதித்தது. வேலை போயிற்று. பெர்லினுக்கு மூட்டை கட்டினார். அங்கே நாடக விமர்சனம், கிண்டல் கவிதை, பத்திரிகைக் கட்டுரை என்று காபிக்கடை மேசைகளில் உட்கார்ந்து எழுதித் தள்ளினார். 1928-இல் வந்த முதல் கவிதைத் தொகுப்பே அவரைப் பற்றிப் பேசவைத்தது. அது முழுக்கப் பெரியவர்கள் சமாச்சாரம்.

அவர் எழுதிய பத்திரிகைகளில் ஒன்று ‘டி வெல்ட்பியூன’. அரசியல், இலக்கியம் இரண்டிலும் கூர்மையான இடதுசாரி வார இதழ். அதன் நிறுவனர் சீக்ஃப்ரீட் யாக்கப்சோன் 1926 கடைசியில் திடீரென்று இறந்துபோக, மனைவி எடித் யாக்கப்சோன் பத்திரிகையின் பொறுப்பை ஏற்றார். எடித்துக்குத் தனியாக ஒரு பதிப்பகமும் இருந்தது. வில்லியம்ஸ் அண்ட் கோ என்று ஆங்கிலப் பெயர் வைத்துக் குழந்தைகள் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார். விலங்குகளோடு பேசும் டாக்டர் டூலிட்டிலையும் கரடிப்பொம்மை பூவையும் ஜெர்மன் பிள்ளைகளிடம் கொண்டுவந்தவர் அவர்தான். அவருடைய குறை ஒன்றே ஒன்று. நல்ல சரக்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஜெர்மன் மொழியில் எழுத ஆள் இல்லை.

பத்திரிகைக்கு எழுதுகிறவர்களைக் கூட்டி அவர் வீட்டில் தேநீர் விருந்து நடக்கும். அப்படி ஒரு நாள் கேஸ்ட்னரைப் பால்கனிக்குக் கூட்டிப்போய், நீங்கள் ஏன் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதக்கூடாது என்று கேட்டார். கேஸ்ட்னர் பிற்காலத்தில் பல முறை சொன்ன கதை இது. அவர் திகைத்துப்போய், இப்படி ஒரு யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டாராம். உங்கள் எழுத்தில் அடிக்கடி பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், அவர்களுக்காக எழுத இன்னும் ஓர் அடிதான் பாக்கி என்றாராம் எடித். ஒரு பதிப்பாளர் எழுத்தாளரிடம் இதைவிடப் பயனுள்ள வாக்கியம் சொல்லியிருக்க முடியாது. கேஸ்ட்னர் ஒரு குடும்பப் பத்திரிகையின் சிறுவர் பகுதிக்கு ஏற்கெனவே துணுக்குகள் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனுஷர் சொல்லும் அளவுக்கு அது திடீர் அதிசயம் இல்லை.

புத்தகத்தின் முன்னுரையில் அது பிறந்த கதையை அவர் வேறு மாதிரிச் சொல்கிறார். தென்கடல் தீவுகளில் நடக்கும் ஒரு சாகச நாவலை எழுத உட்கார்ந்தாராம். காட்டு மனிதர்கள், பெட்டர்ஸீலியே என்ற பெயரில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு பெண் எல்லாம் உண்டு. நடுவில் திமிங்கிலத்துக்கு எத்தனை கால் என்ற சந்தேகம் வந்து எழுத்து நின்றுபோனதாம். காபிக்கடையின் தலைமைப் பரிமாறுகிறவர் வந்து, தெரிந்ததைப் பற்றி எழுதுங்களேன், பாதாள ரயில், ஓட்டல், தினம் கண்ணில் படும் பிள்ளைகள் என்று யோசனை சொன்னாராம். பரிமாறுகிறவர் கற்பனையாகவே இருக்கட்டும், யோசனை கற்பனை இல்லை. அந்தக் காலத்து ஜெர்மன் சிறுவர் கதை என்றால் தூர தேசம்தான். கேஸ்ட்னர் பெர்லின் டிராம் எண் 177-ஐ எழுதினார்.

அவருக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. 1957-இல் எழுதிய பிள்ளைப் பிராய நினைவு நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். ஒரு பெண் வந்து, கல்யாண வீட்டில் பல பேருக்கு முடி அலங்காரம் செய்ய வேண்டும் என்று அவர் அம்மாவுக்குப் பெரிய வேலை கொடுத்தாள். அம்மா சாமான் வாங்கி, சுமந்துகொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு சொன்ன விலாசத்துக்குப் போனால் அங்கே கல்யாணமும் இல்லை, அப்படி ஒரு ஆளும் இல்லை. அம்மாவின் ஒரு நாள் பிழைப்பும் செலவழித்த காசும் போயிற்று. கொஞ்ச காலம் கழித்து அதே பெண்ணைத் தெருவில் பார்த்த சிறுவன் எரிக், சத்தம் போடாமல் பின்னாலேயே டிரெஸ்டன் வீதிகளைக் கடந்து போனான். அவள் வேலை பார்க்கும் துணிக்கடையைக் கண்டுபிடித்து ஆளைப் பிடித்துக்கொடுத்தான்.

இப்போது எமில் கதையைப் பாருங்கள். நாய்ஷ்டாட் என்ற சிற்றூர்ப் பையன் எமில் டிஷ்பைன் பெர்லினிலிருக்கும் பாட்டி வீட்டுக்கு ரயிலேறுகிறான். அம்மா 140 மார்க் கொடுத்தனுப்புகிறாள், 120 பாட்டிக்கு, 20 அவன் செலவுக்கு. வாரம் 35 மார்க் சம்பாதிக்கிறவளுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று கேஸ்ட்னர் நின்று நிதானமாக விளக்குகிறார். பெரிய பணக்காரர்களுக்கு இது ஒன்றுமில்லை, ஆனால் எல்லாரும் பெரிய பணக்காரர்கள் இல்லையே என்று படிக்கிற பிள்ளையிடம் நேராகப் பேசுகிறார். கடன் வாங்காத குடும்பத்தின் சேமிப்பு, நாலு வாரச் சம்பாத்தியம். பையன் பயத்தில் ரயில் கழிப்பறைக்குப் போய் அந்த நோட்டுகளைக் கோட்டின் உள்பைத் துணியோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைக்கிறான். பெட்டியில் கடைசியாக மிஞ்சியவர் விறைப்பான வட்டத் தொப்பி வைத்த க்ருண்டைஸ் என்ற ஆள். எமில் தூங்கி விழித்தால் பணமும் இல்லை, ஆளும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மர்மக் கதை எழுதும் யாருக்கும் முதலில் வரும் தலைவலி, பெரியவர்களை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான். பிள்ளை போலீசிடம் போய்விட்டால் கதை பத்தாம் பக்கத்தில் முடிந்துவிடும். எனிட் பிளைட்டன் விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுவார். சிலர் போலீஸ்காரரை முட்டாளாக்குவார்கள். கேஸ்ட்னர் பூட்டை எமிலின் மனசாட்சியிலேயே போட்டார். ஊரில் பிரபு ஒருவரின் சிலைக்கு எமில் மீசையும் சிவப்பு மூக்கும் வரைந்திருக்கிறான். காவலர் யெஷ்கே அதைப் பார்த்திருப்பாரோ என்று உள்ளுக்குள் உதறல். போலீசிடம் போனால் நீதானே அவன் என்று பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போகும் குற்றம், பத்து வயதில் ஜெயில் குற்றம். படிக்கிற பிள்ளை ஒரு நொடிகூட, ஏன் போலீசிடம் போகவில்லை என்று கேட்காது.

இன்னொன்று, திருடன் யார் என்று முதலிலேயே தெரியும். யார் செய்தது என்ற புதிர் இதில் கிடையாது. பின்தொடர்வது எப்படி, தப்பவிடாமல் காப்பது எப்படி, பணம் என்னுடையதுதான் என்று நிரூபிப்பது எப்படி என்பவைதான் கேள்விகள். விளம்பரத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் எமிலின் காதருகே ஒரு ஹார்ன் சத்தம் கேட்கிறது. கையில் ஹார்னோடு திரியும் குஸ்தாவ் என்ற பெர்லின் பையன் அவன். அவன் ஆள் திரட்டுகிறான். மூக்குக்கண்ணாடி போட்ட ‘புரொஃபசர்’ கூட்டம் நடத்துகிறான். கையிருப்புக் காசைக் கொட்டி எண்ணுகிறார்கள், செய்தி ஓட ஆள் வைக்கிறார்கள், ‘எமில்’ என்பதே அடையாளச் சொல். குட்டி டீன்ஸ்டாக் வீட்டில் டெலிபோன் இருப்பதால் அவன் அதன் பக்கத்தில் உட்கார வேண்டும். எல்லாரும் டாக்சியில் துரத்தும்போது இவன் மட்டும் நாற்காலியில். கடைசி விருந்தில் பாட்டி எழுந்து அவனைத்தான் தனியாகப் பாராட்டுகிறாள். துரத்த ஆசை இருந்தும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தவன் என்று. துப்பறியும் கதைகளில் இப்படி ஒரு பாராட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மறுநாள் காலை தொப்பிக்காரர் ஓட்டலை விட்டு வெளியே வந்தால் வீதி கொள்ளாத பிள்ளைகள். அவர் நடந்தால் கூட்டமும் நடக்கிறது, நின்றால் நிற்கிறது. அடி இல்லை, கல் இல்லை. தப்பிக்க வங்கிக்குள் நுழைந்து நோட்டை மாற்றப் பார்க்கிறார். என் பணம் என்கிறான் எமில். எண் தெரியுமா என்றால் தெரியாது. அப்போதுதான் குண்டூசி நினைவுக்கு வருகிறது. நோட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் துளை இருக்கிறது. ரயிலில் நாம் எல்லாரும் பார்த்த ஊசிதான். எதையும் ஒளிக்கவில்லை ஆசிரியர். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் மறந்திருப்போம். பெரியவர்களின் துப்பறியும் நாவலாசிரியர்கள் வாசகருக்கு நியாயமாக நடப்பது எப்படி என்று அந்த வருடங்களில் விதிமுறைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே குண்டூசியில் அத்தனையும் அடக்கம்.

இதற்குப் பிறகு வரும் பகுதி எனக்கு அவ்வளவு பிடிக்காது. திருடன் சாதாரணத் திருடன் இல்லை, தேடப்பட்ட வங்கிக் கொள்ளையன், 1000 மார்க் பரிசு என்று கதை கொழுத்துவிடுகிறது. 140 மார்க் திரும்பி வந்ததே போதும். அந்தப் பரிசுப் பணத்தில் அம்மாவுக்கு மின்சார முடி உலர்த்தியும் குளிருக்கு உள்ரோமம் வைத்த கோட்டும் வாங்கலாம் என்று எமில் கணக்குப் போடுகிற இடத்துக்காக மன்னிக்கலாம். எமிலின் அம்மாவுடைய சகோதரி மகள் போனி ஹ்யூட்சென் விஷயத்தில் மன்னிக்க முடியவில்லை. சைக்கிளில் பறந்து வருகிறாள், பேச்சில் எல்லாரையும் மடக்குகிறாள், வேலை என்று வரும்போது காபி ஊற்றுவதும் ரொட்டி கொண்டுவருவதும்தான் அவளுக்கு. அடுத்த வருடம் அமெரிக்காவில் நான்ஸி ட்ரூ காரோட்டிக்கொண்டு வந்தாள். சாதுரியத்தில் போனி அவளுக்குக் குறைந்தவள் இல்லை, ஆசிரியர் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

முடிவில் என்ன பாடம் கற்றோம் என்று பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். யாரையும் நம்பக்கூடாது என்கிறான் எமில். பிள்ளையைத் தனியாக அனுப்பக்கூடாது என்கிறாள் அம்மா. பாட்டி இரண்டையும் தள்ளிவிட்டுச் சொல்வது, பணத்தை எப்போதும் மணியார்டரில்தான் அனுப்ப வேண்டும் என்பது. நீதி போதனையே குழந்தை இலக்கியம் என்றிருந்த காலத்தில் அதை ஒரே வாயில் ஊதித் தள்ளிவிட்டார் கேஸ்ட்னர்.

படங்களை எடித் யாக்கப்சோன் ஒப்படைத்தது பிராக் நகரில் பிறந்த வால்டர் டிரையரிடம். மஞ்சள் நிறத் தெரு, நீண்ட நிழல்கள், தூணுக்குப் பின்னால் இரண்டு பையன்கள், தூரத்தில் தொப்பிக்காரர். அந்த அட்டையிலேயே பாதிக் கதை இருக்கிறது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1931-இல் கெர்ஹார்ட் லாம்ப்ரெஹ்ட் இயக்கத்தில் படமானது. திரைக்கதையில் பில்லி வைல்டர் என்ற இளைஞரின் பெயர் இருந்தது, பின்னால் ஹாலிவுட்டில் கொடிகட்டியவர்தான்.

1933 மே 10 இரவு பெர்லின் ஓபரா சதுக்கத்தில் நாஜி மாணவர்கள் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். பெயர் சொல்லி எரிக்கப்பட்டவர்களில் கேஸ்ட்னரும் ஒருவர். கூட்டத்தில் நின்று அதை அவரே பார்த்தார். எமிலை மட்டும் முதலில் தொடவில்லை, அவ்வளவு பேர் விரும்பிய புத்தகம். சில வருடங்களில் அதற்கும் தடை வந்தது. யூதரான எடித் 1933-இலேயே நாட்டை விட்டு வெளியேறி 1935 கடைசி நாளில் லண்டனில் இறந்தார். டிரையர் 1936-இல் லண்டனுக்கும் பிறகு கனடாவுக்கும் போனார். கேஸ்ட்னர் போகவில்லை. எழுதத் தடை, கைது எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஜெர்மனியிலேயே இருந்தார். ஏன் போகவில்லை என்ற கேள்வி இன்றும் அவரை விடவில்லை. அம்மாவை விட்டுப் போக மனமில்லை என்பது காரணங்களில் ஒன்று. படத்தில் எமிலாக, குஸ்தாவாக, குட்டி டீன்ஸ்டாக்காக நடித்த மூன்று பையன்களும் அடுத்த போரில் சிப்பாய்களாக மாண்டார்கள். கேஸ்ட்னர் 1974 வரை மியூனிக்கில் வாழ்ந்தார். 1960-இல் குழந்தை எழுத்தாளர்களுக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது.

அதற்குள் இந்த வகைக் கதை ஊருக்கு ஊர் முளைத்துவிட்டிருந்தது. பிளைட்டனின் ஐவர் 1942-இல் வந்தார்கள். ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் 1946-இல் காலே புலூம்க்விஸ்ட் என்ற சிறுவனைத் துப்பறிய அனுப்பினார். டொனால்ட் சோபோலின் என்சைக்ளோபீடியா பிரவுன் 1963-இல் வந்தான். வாசகரே யோசித்துப் பார்க்கும்படி விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளினார் சோபோல். கல்கத்தாவில் சத்யஜித் ராய், தாத்தா தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் 1965-இல் ஃபெலூடாவை எழுத ஆரம்பித்தார். இவர்கள் எல்லாரும் கேஸ்ட்னரிடம் கற்றார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் குற்றம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு துல்லியமாக அதன் வலியைச் சொல்ல வேண்டும் என்ற கணக்கில் அவரை மிஞ்சியவர் இல்லை. பிளைட்டனின் தங்கப் பாளங்கள் எத்தனை என்று கேட்டால் எனக்கு நினைவில்லை, எமிலின் 140 மார்க் மறக்கவில்லை.

ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதாகவே கிடைக்கிறது. வீட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால் வாங்கிக் கொடுங்கள், அல்லது நீங்களே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டுங்கள். வங்கிக் காட்சி வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, பணம் அவனுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பான் என்று கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது டிரையரின் படங்கள் உள்ள பதிப்புதானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். படங்களை மாற்றிய பதிப்புகளும் கடையில் இருக்கின்றன.